செப்பேடும் படச்சுருளும்



சின்னமனூர் என்ற பெயரைக் கேட்டதும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு முல்லைப் பெரியாற்றுப் பாசனமும், நெல்வயலும், வாழைத் தோட்டமும் நினைவுக்கு வரும். வரலாறு பயில்வோர்க்கோ வேறொன்று நினைவுக்கு வரும். அவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளே அவை. சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு தொகுதிகள். பெரிய செப்பேடு மூன்றாம் இராசசிம்மன் என்னும் பாண்டிய மன்னன் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளித்தது. அதன் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பெற்றன. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் குலத்தின் பெருமைகளாக எடுத்துரைப்பது அந்தச் செப்பேடுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வெழுத்துக்களை இன்றும் படிக்க முடிகிறது.

அச்செப்பேட்டில் இராசசிம்மன் பெரும் வீரன். தஞ்சை மன்னனை வென்றவன். ஆனால் அவன் கதை அப்படி முடியவில்லை. முதற் பராந்தக சோழன் மதுரையைக் கைப்பற்றினான். இராசசிம்மன் ஈழத்துக்குச் சென்று துணை வேண்டினான். அது பயன்படாமற்போகவே தன் முடியையும் அரசச் சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாடு புகுந்தான். இவற்றை நாம் அறிவது சோழர் சாசனங்களாலும், இலங்கையின் மகாவம்ச நூலாலும் ஆகும். மன்னன் செலவில், மன்னன் புகழைச் சொல்லப் பொறித்த ஏட்டில் மன்னனின் வீழ்ச்சியை எதிர்பார்ப்பது நம் பிழையேயன்றி ஏட்டின் பிழையன்று. ஆகவேதான் வரலாற்று ஆசிரியர்கள் ஒரு சாசனத்தைப் படிக்கும்போதே, இதை யார் பொறிக்கச் சொன்னார், யார் காண, எப்போது என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது செப்பேட்டைப் பற்றியன்று. 20-ஆம் நூற்றாண்டு தன்னைப் பற்றித் தானே பொறித்து வைத்துச் சென்ற வேறொரு சாசனத்தைப் பற்றி. அது பிலிம் என்னும் படச்சுருள். வானவூர்தி பறந்ததும், படைகள் நடந்ததும், தலைவர்கள் கப்பலிலிருந்து இறங்கி வந்ததும் ஊர்வலங்கள் போனதும் அதிலே பதிவாகியிருக்கின்றன. இன்று அவற்றைக் காண நாம் எங்கும் போக வேண்டுவதில்லை. பிரிட்டிஷ் பாத்தே என்னும் செய்திப்பட நிறுவனம் தன் களஞ்சியத்திலிருந்த ஏறத்தாழ 85,000 படங்களை 2014-ஆம் ஆண்டில் இணையத்தில் எவரும் காணும்படி வைத்தது. உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் இடையே பேருந்தில் போகும் ஒரு மாணவன் தன் கைப்பேசியில் 1931-ஆம் ஆண்டின் இலண்டன் தெருவைப் பார்த்துவிடலாம். பார்ப்பது எளிதாயிற்று. பார்த்ததை எப்படி நம்புவது, எவ்வளவு நம்புவது என்பது எளிதாகவில்லை. செப்பேட்டைக் கேட்கும் கேள்விகளைப் படச்சுருளையும் நாம் கேட்டாக வேண்டும் என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் படச்சுருள் என்னும் பொருளைச் சிறிது தெரிந்துகொள்வோம். கொட்டகைகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 படங்கள் அடங்கும். பேசும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். அக்கணக்கில் 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஊமைப்பட காலத்திலோ காமிராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 படம், 18 படம் என்று சுற்றுவோர் கைக்கேற்ப வேகம் மாறும். அப்படி எடுத்த படத்தைப் பேசும் படத்துக்குரிய எந்திரத்தில் இட்டு ஓட்டினால் என்ன ஆகும்? 16 படத்தில் எடுத்தது 24 படத்தில் ஓடும்போது எல்லாம் ஒன்றரை மடங்கு வேகம் பெற்றுவிடும். பழைய படங்களில் மனிதர்கள் துள்ளித் துள்ளி, பொம்மைகளைப் போல் ஓடுவதன் காரணம் இதுவே. நம் பாட்டனார் காலத்தவர் அப்படி நடந்தாரல்லர்.

1930-ஆம் ஆண்டின் தண்டி யாத்திரைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சு 12-ஆம் நாள் சபர்மதியில் புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ஆம் நாள் காந்தியடிகள் உப்பெடுத்தார். அவர் இயல்பாகவே விரைந்து நடப்பவர். இளைஞர்களும் அவருடன் ஈடுகொடுக்கத் திணறினார்கள் என்பர். ஆனால் சில பழைய படங்களில் அவர் பறப்பதுபோல் காணப்படுவதற்கு அவருடைய கால்கள் மட்டும் காரணமல்ல, எந்திரமும் காரணம். உண்மை எவ்வளவு, எந்திரம் எவ்வளவு என்று பிரித்தறியும் கண் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த யாத்திரையைப் பற்றி இந்தியப் படநிறுவனங்கள் எடுத்த படங்கள் பலவற்றை அன்றைய அரசு தடை செய்தது. கொட்டகையில் காட்ட முடியாத படத்தை எவர் பொருள் செலவிட்டுப் பாதுகாப்பார்? தடை என்பது படத்தை மறைப்பதோடு நிற்பதில்லை; அதன் ஆயுளையும் குறைத்துவிடுகிறது.

அடுத்து, விமானத்துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. வானொலி நேயர்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். 1937-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், செருமனியிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த இண்டன்பர்க் என்னும் பெரும் ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் லேக்கர்ஸ்ட் என்னுமிடத்தில் இறங்கும் தறுவாயில் தீப்பற்றி எரிந்தது. அதில் இருந்தோர் 97 பேர். அவர்களுள் 35 பேரும், தரையில் பணி செய்தவர் ஒருவரும் ஆக 36 பேர் மாண்டனர். அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அவ்வளவு பெரிய கப்பல் எலும்புக் கூடாயிற்று. அக்காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் எரிந்து விழும். கூடவே ஓர் அறிவிப்பாளர் குரல் தழுதழுத்துக் கதறும். பார்ப்பவர் நெஞ்சு உருகும்.

ஆனால் அந்தக் காட்சியும் அந்தக் குரலும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. படம் பிடித்தோர் செய்திப்பட நிறுவனத்தார். குரலோ சிகாகோ வானொலி நிலையத்து அறிவிப்பாளர் எர்பர்ட் மாரிசனுடையது. அவர் ஒரு பொறியாளரின் துணையோடு தம் பேச்சை இசைத்தட்டில் பதிவு செய்துகொண்டிருந்தார். அது நேரடி ஒலிபரப்பும் அன்று. அடுத்த நாள்தான் ஒலிபரப்பாயிற்று. பின்னாளில் யாரோ இரண்டையும் இணைத்தார்கள். இன்று உலகமே அவற்றை ஒன்றென நம்புகிறது. அந்தத் தட்டுங்கூடச் சற்று வேகமாக ஓடியதால் மாரிசன் குரல் இயல்பைவிட உச்சத்தில் ஒலிக்கிறது என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். வேறொரு செய்தியும் உண்டு. அத்தனை காமிராக்கள் அங்கே இருந்தும், முதல் தீப்பொறி தோன்றிய நொடியை எந்தப் படமும் காட்டவில்லை. தீயின் காரணத்தைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டு விமான வரலாற்றிலும் இத்தகைய ஒரு கவனம் வேண்டும். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளைக் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அவ்விமானத்தைப் பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றார். சென்னைக்கு இந்திய விமானத் தபால் சேவை தொடங்கியது அவ்வாறே. அதே பயணத்தை டாட்டா 1962-இலும், தம் 78-ஆம் வயதில் 1982-இலும் நினைவுக்காக மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். ஒரு படத்தில் அவர் சிறு விமானத்திலிருந்து இறங்கி வருவதைக் கண்டால், அது எந்த ஆண்டு என்று கேட்காமல் மேலே போகக் கூடாது. தலைமுடியின் நரையைப் பார்த்தாலே தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். எல்லாப் படங்களிலும் நரை துணை செய்யாது.

போர்ப்படங்களில் இக்கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிரான்சில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியது. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போரைப் பற்றிய படம் அடுத்த மாதமே இங்கிலாந்தில் கொட்டகைகளுக்கு வந்தது. ஆறு வாரத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதைக் கண்டனர். பதுங்கு குழியிலிருந்து வீரர்கள் மேலேறிப் பாய்வதும், ஒருவர் ஏறும்போதே சரிந்து விழுவதும் அதில் புகழ்பெற்ற காட்சி. கண்டோர் கண்ணீர் விட்டனர். அது போர்க்களத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சி நிலத்தில் நடித்துக் காட்டி எடுத்த காட்சி என்பது இப்போது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. சற்று ஊன்றிப் பார்த்தால் அதை நாமே ஊகிக்கலாம். உண்மையில் குண்டு பொழியும் களமாயின், காமிராக்காரர் அந்த இடத்தில் எழுந்து நின்று எடுத்திருக்க முடியுமா?

இதனால் அப்படமே பொய் என்று தள்ளிவிடலாகாது. அதே படத்தில் காயமுற்றோரைத் தோளில் சுமந்து வரும் காட்சிகளும், சோர்ந்து திரும்பும் வீரர்களின் முகங்களும் உண்மையானவை. ஒரு சில நொடிகள் நடிப்பு, மற்றவை மெய். செப்பேட்டில் புகழ்ச்சியைக் கழித்துவிட்டு ஊர்ப் பெயரையும் நில எல்லையையும் எடுத்துக்கொள்வதுபோல இங்கும் செய்ய வேண்டும்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்ற இந்தியப் படைகளையும் காமிராக்கள் படம் பிடித்துள்ளன. அவற்றைக் காணும்போது எனக்கு எப்போதும் ஒரு குறை தோன்றும். பாண்டியர் செப்பேடுகளில் ஏட்டைப் பொறித்த கொல்லனின் பெயரையுங்கூடக் குறித்து வைத்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தையும் நாம் அறியோம். இப்படச்சுருள்களிலோ நூற்றுக்கணக்கான முகங்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. ஒருவர் பெயரையும் நாம் அறியோம். எந்த ஊர்த் தாய் அவரை வழியனுப்பி வைத்தாளோ!

போரில் மனிதன் கையே படாமல் எடுக்கப்படும் படமும் உண்டு. போர் விமானங்களில் துப்பாக்கியோடு ஒரு சிறு காமிராவைப் பொருத்தியிருப்பார்கள். விமானி சுடும் விசையை அழுத்தினால் காமிராவும் ஓடும். சுட்டது பட்டதா, இல்லையா என்பதைத் தளத்துக்குத் திரும்பியபின் அதிலே பார்த்துக்கொள்ளலாம். 1971-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், வங்காள எல்லையில் பாய்ரா என்னும் இடத்துக்கு மேலே நம் விமானப்படையின் 22-ஆவது பிரிவைச் சேர்ந்த நாட் வகைச் சிறு விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்தன. மாசி, கணபதி, இலாசரஸ் என்னும் விமானிகள் சுட்டதில் மூன்று சேபர்கள் அடிபட்டன. இரண்டு விமானங்களின் விமானிகள் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைத் தலைவரானார்.

நம் தரப்பில் மூன்றும் வீழ்ந்தனவென்று முதலில் கணக்கிடப்பட்டது. மூன்றாவது விமானம் சேதமுற்றுத் தளம் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்புக் குறிப்பு. துப்பாக்கிக் காமிரா யாருக்கும் சார்பானதன்று. அதற்கு அரசனும் இல்லை, அரசும் இல்லை. ஆயினும் விசையிலிருந்து விரலை எடுத்ததும் அதன் கண் மூடிவிடுகிறது. அதற்குப்பின் விமானம் விழுந்ததா, தள்ளாடிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. சார்பில்லாத சாட்சியும் முழுச் சாட்சி ஆவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனிப் பொதுவாழ்வைப் பற்றிய படங்களுக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்ற பராஞ்சபே 1901-ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபோது அவருக்குப் பம்பாயில் கிடைத்த வரவேற்பை ஹரிச்சந்திர சகாராம் பட்வடேகர் என்பவர் படமெடுத்தார். இந்தியர் ஒருவர் எடுத்த முதற் செய்திப்படம் என அதைக் கூறுவர். ஒரு கணக்கு மாணவரின் வெற்றியே நம் நாட்டுச் செய்திப்படத்தின் தொடக்கம் என்பது மாணவர்கள் மகிழத்தக்கது. கல்கத்தாவில் ஹிராலால் சென் வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905-இல் நடந்த கூட்டத்தைப் படமாக்கினார். அவர் எடுத்த படங்கள் அனைத்தும் 1917-இல் ஒரு தீயில் அழிந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அரசே செய்திப்படம் எடுக்கத் தொடங்கியது. 1943-இல் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளில் செய்திச் சுருள்கள் வெளிவந்தன. அரசு ஒப்புதல் தந்த படம் 2,000 அடி ஒவ்வொரு காட்சியிலும் ஓட்டப்பட வேண்டும் என்று இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கொட்டகைகளுக்குக் கட்டளையும் பிறந்தது. முன்சொன்ன கணக்கில் அது 22 நிமிடம். விரும்பாத மக்களுக்கு விரும்பாத போரைக் காட்டிய படங்கள் அவை. ஆகவே மக்களின் வெறுப்புக்கும் ஆளாயின. 1946-இல் சட்டசபை அதற்குப் பணம் ஒதுக்க மறுக்க, அந்த அமைப்பு கலைக்கப்பட்டது.

அதன் விளைவு என்ன தெரியுமா? அடுத்த ஆண்டு, 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்றபோது அதைப் படமெடுக்க இந்திய அரசிடம் ஒரு படப்பிரிவே இல்லை. நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வரும் நாள்! அந்நாளைப் பற்றி நாம் இன்று காணும் காட்சிகள் வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனத்தாரும், தம் சொந்த முயற்சியால் காமிராவைத் தூக்கிக்கொண்டு சென்ற இந்தியர் சிலரும் எடுத்தவை. அவர்கள் சென்றிராவிட்டால் நேருவின் குரலை வானொலிப் பதிவில் கேட்பதோடு நாம் நின்றிருப்போம். ஒரு வெறுப்பில் மூடிய கடையை மறுநாளே தேடிப் போக நேர்ந்த கதை இது.

1948-இல் அரசு பிலிம்ஸ் டிவிஷன் என்னும் படப்பிரிவை நிறுவியது. 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பெறும் வரை ஆயிரக்கணக்கான செய்திப்படங்களை எடுத்தது. அணைக்கட்டுத் திறப்பு, வெள்ள நிவாரணம், குடியரசு நாள் அணிவகுப்பு, வெளிநாட்டுத் தலைவர் வருகை, கிரிக்கெட்டு ஆகியவற்றைக் கனத்த குரல் ஒன்று தமிழில் விளக்கிச் செல்லும். கம்பம் பள்ளத்தாக்கின் கூடாரக் கொட்டகைகளில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து அவற்றைப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். செய்திப்படம் ஓடும் நேரத்தைப் பெரியவர்கள் வெற்றிலை போடவும், இடம் பிடிக்கவும் பயன்படுத்தினார்கள் என்பதே உண்மை. நகரத்துக் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிரதிகள் எங்கள் பக்கம் வந்துசேர மாதக்கணக்காகும். வெள்ளம் வடிந்து, நெல் விளைந்து, அறுவடையும் ஆனபின் வெள்ளச் செய்தி வரும். ஆனாலும் நேருவின் நடையையும், படைவீரர் அணிவகுப்பையும், தாரை எந்திர விமானம் வானில் கோடு கிழிப்பதையும் ஊர்மக்கள் முதன்முதலில் கண்டது அங்கேதான். அரசின் படம் ஆகையால் அரசின் குறைகள் அதில் அரிதாகவே தென்படும். இராசசிம்மன் செப்பேட்டை நினைத்துக்கொண்டால் அதில் வியப்பதற்கொன்றுமில்லை.

இதுவரை சொன்னது படச்சுருளின் வாய்மையைப் பற்றி. அதன் ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கேதான் செப்பேடு வென்றுவிடுகிறது. 1950 வரையில் கொட்டகைப் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டன. அது வெடிபஞ்சுக்கு உறவான பொருள். பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே வெளிவிட்டுக்கொள்ளும். எரியாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, கட்டிதட்டி, இறுதியில் பழுப்புத் தூளாகிவிடும். பிறகு வந்த அசிடேட் பிலிம் எளிதில் எரியாது. ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துச் சுருங்கும். பெட்டியைத் திறந்தால் காடி நெடி வீசும். நம் ஊர் வெயிலும் மழைக்கால ஈரமும் இரண்டுக்கும் எமன்.

இயற்கை அழித்தது பாதி; மனிதர் அழித்தது பாதி. பிலிமின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படங்களை எடைக்குப் போட்டு, கழுவி, அந்த வெள்ளியை எடுத்து விற்றார்கள். ஒரு காலத்தின் முகங்களையெல்லாம் கழுவிவிட்டு எடுத்த வெள்ளி! இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேல். இன்று மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் சில பத்துக்குள் அடங்கும். நடராச முதலியார் சென்னையில் எடுத்த முதல் தமிழகக் கதைப்படமாகிய கீசக வதமும் இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாசும் இல்லை. இவற்றைக் காக்கவென்றே 1964-இல் புனேயில் தேசியத் திரைப்படக் களஞ்சியம் தோன்றியது. பி. கே. நாயர் என்பார் ஊர் ஊராக அலைந்து சுருள்களைச் சேர்த்தார். அந்தப் புனேயிலேயே 2003 ஜனவரி 8-ஆம் நாள், நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு ஒன்றில் தீப்பற்றி, பழம்படங்கள் பல எரிந்தன.

இறுதியாக, இத்துறையில் ஒரு தமிழர் செய்த அருஞ்செயலைச் சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குச் சமாரியா என்னும் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அவருடைய வாழ்க்கையை உண்மைக் காட்சிகளைக் கொண்டே ஒரு படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் கடல் நடுவே அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. கையில் பணமும் இல்லை.

அவர் தேடிய காட்சிகள் ஓரிடத்தில் இல்லை. காந்தியடிகள் வாழ்ந்த தென்னாப்பிரிக்கா ஒரு மூலை. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்தபோது அவரைப் பல நாட்டுச் செய்திப்படக்காரர்கள் சுற்றிச் சுற்றி எடுத்த இங்கிலாந்தும் ஐரோப்பாவும் மற்றொரு மூலை. இந்தியாவில் உதிரியாகக் கிடந்தவை வேறு. நிறுவனங்களோ பழஞ்சுருளை அடிக்கணக்கில் விலை பேசி விற்பவை. இரண்டரை ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்தார். ஏறத்தாழ 100 படப்பிடிப்பாளர்கள் 30 ஆண்டுக் காலத்தில் எடுத்திருந்த காட்சிகளிலிருந்து 50,000 அடி சேர்த்தார். ஓட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து படமாக்கினார். பாரிசில் பயின்றவரான டாக்டர் பி. வி. பதி என்னும் படப்பிடிப்பாளர் அவருக்குத் துணை நின்றார். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளியாயிற்று. விளக்கவுரை தமிழில். பின்னர்த் தெலுங்கிலும் வந்தது.

நாள் எது என்பதைக் கவனியுங்கள். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆட்சி வெள்ளையருடையது. காந்தியடிகள் உயிரோடிருந்தார். அவரைப் பற்றி உலகெங்கும் கிடந்த சாட்சியங்களைத் திரட்டி, அவரை நேரில் கண்டிராத தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே எடுத்துச் சொன்ன படம் அது. எந்த அரசனும் அதற்குச் செலவிடவில்லை. எந்த அரசும் கட்டளையிடவில்லை. பழஞ்சுருள்களைத் தேடி எடுத்து அவற்றைக்கொண்டே வரலாறு சொல்லும் முறை நம் நாட்டில் அதற்குமுன் இவ்வளவு பெரிதாகக் கையாளப்பட்டதில்லை எனலாம்.

அந்தத் தமிழ்ப்படம் இன்று கிடைக்கவில்லை. அதன் காட்சிகளைக்கொண்டு 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில விளக்கத்தோடு ஒரு படம் உருவாயிற்று. அதன் சுருக்கமான பிரதி ஒன்றை, வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தேடிக் கண்டார். காட்சிகள் பல அதிலே காணக் கிடைக்கின்றன. பேசும் குரல் அமெரிக்கக் குரல். 1940-இல் ஒரு தமிழ்க் குரல் அக்காட்சிகளுக்கு என்ன பொருள் சொல்லிற்று, எந்த இடத்தில் நின்று எந்த இடத்தில் விரைந்தது என்பதைக் கேட்க வழியில்லை. படம் எடுத்த வரலாற்றைச் செட்டியாரே தம் குமரி மலரில் எழுதி வைத்தார். அது அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாக இப்போது கிடைக்கிறது. காகிதம் தப்பிற்று, பிலிம் தப்பவில்லை.

ஆனால் கிடைக்கவில்லை என்பதும் அழிந்தது என்பதும் ஒன்றல்ல. சின்னமனூர்ச் செப்பேடுகளும் வெகுகாலம் எவர் நினைவிலும் இல்லாமல் இருந்து பிறகு வெளிப்பட்டவைதாம். படங்களுக்கு அக்காலத்தில் பல பிரதிகள் எடுத்தார்கள்; அவை ஊர் ஊராகச் சென்றன. பழைய கொட்டகைக்காரர் குடும்பங்களில் பரண்மேல் வட்டமான தகரப் பெட்டிகள் கிடப்பதை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். அத்தகைய பெட்டி கண்ணில் பட்டால் விளக்கையோ சுடரையோ அருகே கொண்டு போகாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், சுருளைப் பிரித்துப் பார்க்க வேண்டா, எந்திரத்தில் இட்டு ஓட்டவும் வேண்டா. பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு, உங்கள் ஆசிரியர் வாயிலாகப் புனேக் களஞ்சியத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சீட்டு உதிர்ந்து போயிருந்தால், பெட்டி யாரிடம் இருந்தது, எந்தக் கொட்டகையினுடையது, எந்த ஆண்டில் அது ஓடிற்று என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.